இரண்டு மணி நேரம் தாங்கும்

மனிதன் எழுப்பிய கட்டிடங்கள் யாவும், கோயிலானாலும் கோட்டையானாலும் கோழிக்கூண்டானாலும், நான்கே வகைக்குள் அடங்கிவிடும் மேடம். இந்த மாபெரும் உண்மையைப் பொறியாளர் சங்க ஆண்டு விழாவில் நான் முக்கால் மணி நேரம் விளக்கினேன். கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் பந்திக்கு இடம் பிடிக்கப் போய்விட்டார்கள். மீதிப் பேர் பந்தி முடிந்து வந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். மைக் செட்காரர் மட்டும் கடைசிவரை இருந்தார். அவருக்கு வேறு வழியில்லை.

நீங்கள் கேட்டது அது இல்லை என்று தெரியும். என் சகலை வீரபாகு எப்படிச் செத்தான் என்று கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன். கட்டிட வகை தெரியாமல் கேட்டால், நான் ஏதோ பொறாமையில் செய்தேன் என்று எழுதிவிடுவீர்கள். ஏட்டையா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த ஒரு சொல்லுக்காகவே காத்திருப்பதுபோலத் தெரிகிறது.

செங்கல்லா, சிமெண்டா, சலவைக்கல்லா என்பது வகையில்லை. தீப்பிடித்தால் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதுதான் வகை. முதல் வகை ஏறக்குறைய நான்கு மணி நேரம் நிற்கும். இரண்டாம் வகை இரண்டு மணி நேரம். அப்படியே இறங்கி நான்காம் வகை ஒரு மணி நேரம். சுவருக்கு ஒரு கணக்கு, தூணுக்கு ஒரு கணக்கு, கூரைக்கு ஒரு கணக்கு என்று நுணுக்கம் நிறைய உண்டு, அதெல்லாம் உங்களுக்கு வேண்டாம். விதிநூல் எழுதியவர்கள் நேர்மையானவர்கள். உன் வீடு என்றென்றும் நிலைக்கும் என்று அவர்கள் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. நீ இறங்கி ஓடுவதற்கு இவ்வளவு நேரம் தருகிறோம், அதற்குள் ஓடிவிடு என்று மட்டும் சொன்னார்கள். இன்னொன்றையும் சொன்னார்கள். எல்லாத் தூணும் பலசாலியாக இருந்து ஒரு வரிசை மட்டும் நோஞ்சானாக இருந்தால், கட்டிடம் நோஞ்சானின் வகையில்தான் சேரும்.

இதைப் பார்த்துச் சான்று கொடுப்பதுதான் என் தொழில். தூத்துக்குடித் துறைமுகத்தைச் சுற்றியுள்ள கிடங்குகளில் எனக்கு ஒரு மரியாதை உண்டு. நான் உள்ளே நுழைந்தால் கிளியரிங் ஏஜெண்டுகள் சிகரெட்டை அணைத்துவிடுவார்கள். நான் வெளியே போனதும் பற்றவைப்பார்கள்.

பழக்கதோஷம், மனிதர்களையும் வகை பிரிப்பேன். என் மாமியார் முத்துக்கனி முதல் வகை. மாமனார் அவரோடு நாற்பது வருடம் எரிந்து எரிந்து பார்த்துவிட்டு, அவர்தான் முதலில் போய்ச் சேர்ந்தார். என் மனைவி பிரேமா மூன்றாம் வகை, கொஞ்சம் சூடு பட்டாலே சுவரில் கீறல் தெரியும். என்னை முதல் வகையில் வைத்திருந்தேன். வீரபாகுவை எந்த வகையிலும் சேர்க்கவில்லை. கீற்றுக் கொட்டகைக்கு விதிநூலில் இடம் கிடையாது.

பிரேமாவின் தங்கை இந்துமதியைக் கட்டியவன் அவன். திருச்செந்தூரில் கோயிலுக்குப் போகும் வழியில் சில்லுக் கருப்பட்டியும் பனங்கற்கண்டும் விற்கிற கடை. பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறியவன். அதை அவனே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான். தான் தவறியதைத் தானே சொல்லிச் சிரிக்கிறவனை மற்றவர்கள் என்ன செய்ய முடியும்? நமக்கு என்று எதையும் மிச்சம் வைக்காத சுயநலம் அது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமியார் வீட்டில் மீன்குழம்பு. திரேஸ்புரத்திலிருந்து சீலா மீன் வரும். ஒரு மீனுக்கு ஒரு தலைதான். இரண்டு மருமகன்கள் இருந்து ஒரு தலை இருந்தால் அது மூத்தவனுக்குப் போக வேண்டும் என்பது முறை. வீரபாகு கல்யாணமாகி வந்த முதல் ஞாயிறு, புதுமாப்பிள்ளை என்று மாமியார் தலையை அவனுக்கு வைத்தார். நானும் பெருந்தன்மையாகத் தலையசைத்தேன். அதற்குப் பிறகு பதினொரு வருடமாக அவன் புதுமாப்பிள்ளையாகவே இருந்தான்.

அதைவிட மோசம், அந்தத் தலையில் கன்னத்துச் சதையைப் பிய்த்து என் தட்டில் வைப்பான்.

"நீங்க சாப்பிடுங்க அண்ணாச்சி. எனக்கு முள்ளு ஆவாது."

அவ்வளவு பணிவாக எனக்கு யாரும் எதையும் கொடுத்ததில்லை. நான் அதைச் சாப்பிட்டேன். ருசியாக இருந்தது. ருசியாக இருந்ததையும் அவன் பார்த்துச் சந்தோஷப்பட்டான்.

பிரேமா அவன் பேச்சுக்குச் சிரிப்பாள். எங்கள் வீட்டில் அவள் சிரித்து நான் அதிகம் கேட்டதில்லை. வாசலில் அவன் செருப்பைக் கழற்றும்போதே இவள் முகம் மலர்ந்துவிடும். கெட்ட நினைப்பெல்லாம் ஒன்றும் கிடையாது மேடம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்ட நினைப்பாக இருந்திருந்தால் எனக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும்.

அப்படி இருக்கும்போதுதான் அவன் லாட்ஜ் கட்டக் கிளம்பினான். கோயிலுக்கு வருகிற ஜனங்கள் தங்க ஐந்து மாடி. மொட்டை மாடியில் ஒரு சாப்பாட்டு ஹால், உட்கார்ந்து சாப்பிட்டால் ஒரு பக்கம் கோபுரம், ஒரு பக்கம் கடல். பெயர் முத்துக்கனி இல்லம். என் மாமியாரின் பெயர் ஒரு கட்டிடத்தின் நெற்றியில் ஏறப்போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து அவர் என்னோடு பேசும்போது சற்று மேலேயிருந்து பேசுவதுபோல இருந்தது.

வீரபாகு ஒரு தட்டில் பழம் வைத்து எடுத்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தான்.

"தூத்துக்குடியில ஆயிரம் இஞ்சினியரு இருக்காவ. தீயப் பத்தித் தெரிஞ்சவிய எங்க அண்ணாச்சி ஒருத்தர்தான். நீங்க கைய வச்சாத்தான் எனக்கு ஒறக்கம் வரும்."

இதை அவன் மனதாரச் சொன்னான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. முகஸ்துதி என்றால் பதிலுக்கு நாமும் ஒரு முகஸ்துதியைச் சொல்லிக் கணக்கைத் தீர்த்துவிடலாம்.

கீழ்த்தளங்கள் எல்லாம் கான்கிரீட், குறை சொல்ல இடமில்லை. மாடி ஹால் மட்டும் இரும்புத் தூண்களும் தகரக் கூரையும். இரும்பு எரியாது, அதனால் ஜனங்கள் இரும்பை நம்புவார்கள். ஆனால் சூடேறினால் அது இளகி, முழங்காலை மடக்குகிற கிழவனைப் போல உட்கார்ந்துவிடும். எதுவும் பூசாத இரும்புத் தூண், நல்ல தீயில் கால்மணி நேரம் நின்றால் அதிகம். அதற்கென்று ஒரு பெயிண்ட் இருக்கிறது. வெள்ளையாக, கெட்டியாக இருக்கும். தீ பட்டதும் தோசைமாவு பொங்குகிற மாதிரி உப்பி, தூணைக் கம்பளி போர்த்தியதுபோல மூடிக்கொள்ளும். அதைப் பூசினால் இரண்டு மணி நேரம். மொத்தக் கட்டிடமும் இரண்டாம் வகை.

இதை நான் சொன்னபோது வீரபாகு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "சோறு திங்கிறவிய தலையில கூரை விழக்கூடாது அண்ணாச்சி" என்றான். அடுத்த வாரம் சென்னையிலிருந்து டிரம் டிரம்மாகப் பெயிண்ட் வந்து இறங்கிவிட்டது. கட்டுகிற இடத்தில் வைத்தால் காணாமல் போகும் என்று, அவனாகவே என் வீட்டுக் கார் ஷெட்டில் கொண்டுவந்து அடுக்கினான்.

"இங்கன இருந்தா பேங்க் லாக்கர்ல இருக்க மாதிரி."

அது ஒரு சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு. அந்த ஞாயிற்றுக்கிழமையைக் கொஞ்சம் கவனமாக எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

மாமியார் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருக்கிறோம். தலை வழக்கமான இடத்துக்குப் போய்விட்டது. வீரபாகு பெருமையோடு ஆரம்பித்தான்.

"அத்தை, நம்ம லாட்ஜு செகண்ட் டைப்பு. அண்ணாச்சி சொல்லிட்டாவ."

மாமியார் கரண்டியைக் குழம்புச் சட்டியிலேயே நிறுத்தினார். "ஏன் செகண்டு? பர்ஸ்ட்டு இல்லையா?"

"பர்ஸ்ட்டுன்னா பெரிய பெரிய எண்ணெய்க் கிடங்குக்கெல்லாம் போடுறது அத்தை. நமக்கு இதே தாராளம்."

"அதெல்லாம் குடுக்கிறவிய மனசுல இருக்கு. எய்யாவுக்கு ஒரு பர்ஸ்ட்டு போட்டுக் குடுத்தா இஞ்சினியருக்குக் கையா தேஞ்சு போவும்?"

அவன் எய்யா, நான் இஞ்சினியர். இந்த வேறுபாட்டையும் ஏட்டையா குறித்துக்கொள்ளலாம்.

இது பரீட்சை மார்க் இல்லை அத்தை, தீயைத் தாங்குகிற நேரம் என்று நான் விளக்கத் தொடங்கினேன். நோஞ்சான் தூண் வரைக்கும் வந்திருப்பேன்.

"நீங்க படிச்சவிய, ஆயிரம் சொல்லுவிய. உங்க வீட்டு மாடியில தண்ணித் தொட்டி ஸ்டாண்டு துருப்பிடிச்சு ஆடிக்கிட்டு நிக்கி. எப்ப தலையில விழுமோன்னு எம்புள்ள துணி காயப்போடப் பயந்து கெடக்கா. அது எந்த டைப்பு?"

"விடும்மா" என்றாள் பிரேமா. "ஊரெல்லாம் கட்டடம் நிக்குமான்னு பாக்கப் போறவியளுக்கு வீட்டு மாடி ஏற நேரம் எங்க இருக்கு?"

இந்துமதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதைப் பார்த்துப் பிரேமாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல சிரிப்பு, கண்ணில் தண்ணீர் வரும் சிரிப்பு. என்னை வைத்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

வீரபாகு சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் இன்று நாம் இப்படி உட்கார்ந்து பேச வேண்டியிருக்காது.

"அண்ணாச்சிக்கு எவ்வளவு வேல கெடக்கு. நான் ரெண்டு நாள்ல ஆள் அனுப்புதேன் மதினி, சுரண்டி பெயிண்ட் அடிச்சிரலாம்" என்றான். பிறகு கன்னத்துச் சதையைப் பிய்த்து என் தட்டில் வைத்தான்.

அதற்குப் பிறகு நடந்தது எளிமையானது. தூண்களுக்குப் போக வேண்டிய டிரம்கள் தூண்களுக்குப் போகவில்லை. துறைமுகச் சாலையில் ஒரு கடையில் சாதாரண வெள்ளைப் பெயிண்ட் எடுத்து அதை அனுப்பினேன். ஷாம் என்று ஒரு பெயிண்டர், திரேஸ்புரத்தில் படகுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவன், வாயில் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே அடித்து முடித்தான். வெள்ளை வெள்ளைதான் மேடம். காய்ந்த பிறகு பார்த்தால் எனக்கே வித்தியாசம் தெரியாது. நான் பார்த்து, தட்டிப் பார்த்து, இரண்டாம் வகை என்று சான்று கொடுத்தேன். மேலிடத்தில் அதை நம்பியவர்கள் என் பெயரை நம்பினார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

ஏன் என்று கேட்கிறீர்கள். கூரை விழ வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. எனக்கு வேண்டியிருந்தது மிகச் சிறியது. வேறு யாருக்கும் தெரியாத ஒன்று எனக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும். மாமியார் எய்யா எய்யா என்று உருகும்போதெல்லாம் நான் மனதுக்குள், நான்காம் வகைக்கும் கீழே, என்று சொல்லிக்கொள்வேன். உடனே நெஞ்சு லேசாகிவிடும். சிலர் அதற்கு மாத்திரை போடுகிறார்கள், சிலர் குடிக்கிறார்கள். நான் யாருக்கும் தொந்தரவில்லாமல் ஒரு கட்டிடத்தை அதன் உண்மையான வகையில் வைத்திருந்தேன். இதைப் பொறாமை என்று சொல்வது பொருந்தாது. அறிவின் ஆறுதல் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

பனையோலை விஷயத்தையும் நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். தகரக் கூரையின் சூடு இறங்கி ஹாலில் உட்கார முடியவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டான். கூரைக்கு அடியில் பனையோலைப் பாய் கட்டலாம், பார்க்கவும் நம்ம பனங்காட்டுக்குப் பொருத்தமாக இருக்கும் என்றேன். அழகு பற்றிய யோசனை அது, பொறியியல் இல்லை.

"ஓலை பத்திக்கிடாதா அண்ணாச்சி?"

"தூணுக்குப் பெயிண்ட் அடிச்சாச்சுல்லா?" என்றேன்.

பெயிண்ட் அடித்திருந்தது. நான் பொய் சொல்லவில்லை.

திறப்பு விழாவில் அவன் எனக்குச் சால்வை போட்டான். அமைச்சருக்குப் போடுகிற அளவில் ஒரு மாலை. வரவேற்பறையில் பித்தளைத் தகட்டில், இது இரண்டாம் வகைக் கட்டிடம், சான்றளித்தவர் பொறியாளர் ஜெயகணேஷ் என்று பொறித்து வைத்திருந்தான். முருகன் படத்துக்கு நேர் கீழே. தங்க வந்தவர்கள் இரண்டையும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். குத்துவிளக்கை என்னைத்தான் ஏற்றச் சொன்னான். அந்தக் கட்டிடத்துக்குள் முதல் தீயைக் கொண்டுபோனவன் நான்தான் என்று வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை.

பிறகு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடும் அங்கேயே மாறிவிட்டது. லாட்ஜில் சைவம்தான், மீன் இல்லை, தலைப் பிரச்சினை இல்லை. அப்படியும் முதல் அப்பளம் அவனுக்கு. நான் எப்போதும் படிக்கட்டுக்குப் பக்கத்து இலையில் உட்கார்வேன். பிரேமாவையும் பக்கத்தில் உட்காரச் சொல்வேன். அவள் கேட்கமாட்டாள், நடுவரிசையில் தங்கையோடும் அம்மாவோடும்தான் உட்கார்வாள். அது அவள் விருப்பம். நான் வற்புறுத்தவில்லை.

போன வைகாசி விசாகத்தன்று மதியம் நடந்ததை ஊரே சொல்லியிருக்கும். ஹால் ஓரத்து அடுப்பில் இருந்த ஒரு எண்ணெய்ச் சட்டி பற்றி, அது ஓலையைத் தொட்டது. ஓலை ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. ஆனால் படிக்கட்டு இரண்டு பக்கமும் இருந்தது, அகலமாக இருந்தது, அது என் வரைபடம். சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் எச்சில் கையோடு இறங்கித் தெருவுக்கு வந்துவிட்டார்கள். ஒருவருக்கும் காயமில்லை. இதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், யாரும் எழுதமாட்டேன் என்கிறார்கள்.

தீயணைப்பு வண்டி விசாகக் கூட்டத்துக்குள் மணியடித்துக்கொண்டு நின்றது. காவடிகளும் பால்குடங்களும் நிறைந்த தெருவில் யாரை விலகச் சொல்வது. நாங்கள் எதிர்ப்பக்கம் ஒரு தேங்காய்க் கடை வாசலில் நின்றோம். நான், பிரேமா, மாமியார், இந்துமதி. வீரபாகு கடைசியாக இறங்கி வந்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. வேலைக்காரர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தான். பிறகு கேட்டான்.

"அந்தோணியம்மா எங்க?"

அந்தோணியம்மாள் பாத்திரம் கழுவுகிறவள். ஹாலுக்குப் பின்னால் கழுவுகிற இடம். வயதானவள், காது மந்தம். வீரபாகு சுற்றிலும் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான். அத்தனை பேர் நிற்கிறார்கள், என்னிடம்தான் வந்தான்.

"அண்ணாச்சி, மேல தூணு இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும்?"

தீப்பிடித்து ஏறக்குறைய பத்து நிமிடம் ஆகியிருந்தது. பூசாத இரும்பு கால்மணி நேரம் என்று ஏற்கனவே சொன்னேன். இதில் பெரிய கணக்கு ஒன்றுமில்லை, பத்தாம் வகுப்பில் தவறியவன்கூடப் போட்டுவிடுவான்.

பதில் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. அந்த நேரத்தில்தான் பிரேமா முன்னால் போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "போவாதிய தம்பி, போவாதிய, புள்ளைய முகத்த நெனச்சுப் பாருங்க" என்று இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் அந்தக் கை என்னை அப்படிப் பிடித்ததாக எனக்கு நினைவில்லை. இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறேன்.

கால்மணி நேரம் என்று நான் சொல்லியிருந்தால் அவள் என் பக்கம் திரும்பியிருப்பாள். ஏன் என்று கேட்டிருப்பாள். மாமியார் கேட்டிருப்பார். பித்தளைத் தகட்டில் இரண்டாம் வகை என்று போட்டிருக்கிறது, என் பெயர் போட்டிருக்கிறது. ஒரு பொறியாளர் தன் சான்றுக்கு எதிராக நடுத்தெருவில் நின்று பேச முடியுமா? தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறது.

"ரெண்டு மணி நேரம்" என்றேன்.

அவன் பிரேமாவின் விரல்களை ஒவ்வொன்றாக மெதுவாக விலக்கினான். "அண்ணாச்சியே சொல்லிட்டாவல்லா மதினி" என்று சிரித்தான். ஒரு துண்டைத் தொட்டித் தண்ணீரில் முக்கித் தலையில் போட்டுக்கொண்டு ஏறினான். அவன் மேலே போய்ச் சேர்ந்திருப்பான். கழுவுகிற இடத்தில் தேடியிருப்பான். பிறகு தூண்கள் உட்கார்ந்தன. சத்தம் அவ்வளவு பெரிதாக இல்லை, தகரக் கூரைதானே.

அந்தோணியம்மாள் மேலே இல்லை மேடம். அது உங்களுக்கும் தெரியும். தீப்பிடிப்பதற்கு முன்பே எச்சில் இலைகளைக் கொட்ட எதிரே தேங்காய்க் கடைப் பக்கத்துச் சந்துக்கு இறங்கியிருந்தாள். உங்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. நீல நைட்டிக்கு மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, காலி வாளியோடு, தேங்காய்க் கடைக்குப் பின்னால் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும். அவன் அந்தோணியம்மா எங்க என்று கேட்பதற்கு முன்பே நான் அவளைப் பார்த்துவிட்டேன். அவன் ஏறுகிறபோதும் அவள் அங்கேதான் நின்றாள். காது மந்தம், தன்னைத்தான் தேடுகிறார்கள் என்று அவளுக்குக் கேட்கவில்லை.

ஆக, வீரபாகுவைக் கொன்றது நான்தான். தீ இல்லை, ஓலையும் இல்லை. தண்ணீர் வேண்டுமா? எனக்கு வேண்டாம், ஏட்டையாவுக்குக் கேட்டேன்.

அதன் பிறகாவது எனக்கு ஓர் இடம் கிடைத்திருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். கிடைக்கவில்லை. பாத்திரம் கழுவுகிறவளுக்காக உயிரைக் கொடுத்தவன் என்று தெருமுழுக்கப் படம் ஒட்டினார்கள். கடலோரத்துச் சர்ச்சிலும் அவனுக்காக ஜெபம் நடந்தது, காயல்பட்டினத்திலிருந்து அவனிடம் கருப்பட்டி வாங்குகிறவர்கள் ஒரு வேன் நிறைய வந்து நின்றார்கள். செத்துப்போவதிலும் அவன் என்னை முந்திக்கொண்டான். காரியம் எல்லாம் முடிந்து முதல் ஞாயிற்றுக்கிழமை மாமியார் மறுபடி மீன்குழம்பு வைத்தார். இனி ஒரே ஒரு மருமகன். தலையை எடுத்து அவன் படத்துக்கு முன்னால் படைத்தார். படைத்து முடித்ததும் எனக்கு வரும் என்று காத்திருந்தேன். மாடிக்குக் கொண்டுபோய்க் காக்கைக்கு வைத்துவிட்டார்.

பிரேமா இப்போது சிரிப்பதில்லை. யார் பேசினாலும் சிரிப்பதில்லை. அந்த வகையில் நிலைமை சமமாகிவிட்டது.

கடைசியாக, அந்த நல்ல பெயிண்ட் டிரம்கள் எங்கே என்று கேட்டீர்கள். எரிந்த தூண்களைச் சுரண்டிப் பார்த்துவிட்டு அதைத்தான் முதலில் கேட்டீர்கள், நான்தான் பேச்சை மாற்றினேன். அதை விற்கவில்லை. அந்த மாதிரி அற்பத்தனம் எனக்குக் கிடையாது. கடலிலும் கொட்டவில்லை. நேற்று நீங்கள் எங்கள் வீட்டில் காப்பி குடித்தீர்கள், ஆனால் மாடிக்கு ஏறிப் பார்க்கவில்லை.

தொட்டி ஸ்டாண்டை வைத்துச் சிரித்தார்களே, அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்ததும் மாலையில் ஒரு டிரம்மைத் திறந்தேன். அவன் ஆள் அனுப்புவதற்கு முன்னால் அந்த ஸ்டாண்டை நானே முடித்துவிட வேண்டும் என்றிருந்தது. கொஞ்சம் எடுத்தால் தெரியாது என்று நினைத்தேன். கெட்டிப் பெயிண்ட், துருப்பிடித்த இரும்பு, குடித்துக்கொண்டே இருந்தது. ஒரு டிரம் போய் இன்னொன்றையும் திறக்க வேண்டியதாயிற்று. மிச்சம் இருந்தது ஹாலின் தூண்களுக்குப் போதாது. குறைகிறது, இன்னும் இரண்டு டிரம் வரவழை என்று அவனிடம் சொன்னால், எங்கே போயிற்று என்று கேட்கமாட்டான். பேசாமல் வரவழைத்துக் கொடுத்துவிடுவான். அதை நினைக்கவே கூச்சமாக இருந்தது. அதனால்தான் கடையில் சாதாரண வெள்ளை எடுத்தேன். மிச்சத்தைப் பிறகு வாசல் கேட்டுக்கும் ஜன்னல் கம்பிகளுக்கும் அடித்தேன்.

பிரேமா துணி காயப்போடப் போனவள் அண்ணாந்து பார்த்துவிட்டு, இப்பத்தான் லெச்சணமா இருக்கு என்றாள்.

எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்ட் இரண்டு மணி நேரம் தீயைத் தாங்கும்.